மென்பொருளின் பெயரை மாற்றிய பின் பழைய குறிப்புகளைத் தேடி எடுப்பது எப்படி?

ஹட்டன் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வலயத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, பாடசாலை நேரசூசி தயாரிக்கும் சிறிய மென்பொருள் ஒன்றைத் திறந்த மூலமாகப் பராமரித்து வருகிறோம். லீவில் நிற்கும் ஆசிரியரின் பாடவேளைக்கு யாரை அனுப்பலாம் என்பதையும் அது காட்டிவிடும் என்பதால், ஆளணி குறைந்த தோட்டப்புறப் பாடசாலைகளில் அதற்கு நல்ல வரவேற்பு உண்டு. சிக்கல் அதன் பெயரில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் ஆசைப்பட்டு வைத்த பெயர், மலையகத்தில் எவரும் நாள்தோறும் வாயில் எடுக்கும் ஒரு தேயிலைச் சொல். கூகுளில் அதைத் தட்டினால் தேயிலை மலைப் படங்களும் சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்திகளும் கவிதைகளும் வரிசையாக வருகின்றனவே தவிர, எங்கள் மென்பொருள் வருவதில்லை. எனவே பெயரை மாற்றிவிடலாம் என்று குழுவில் பெரும்பாலானோர் சொல்கின்றனர்.

எனக்குத் தயக்கம் இருக்கிறது. பழைய பெயரில் அச்சிட்ட கையேடு பாடசாலைகளில் இருக்கிறது; யூடியூபில் விளக்கக் காணொளிகள் இருக்கின்றன; வட்ஸ்அப் குழுக்களில் பிடிஎஃப் கோப்புகள் சுற்றுகின்றன; வலைப்பதிவுகளில் கேள்வி பதில்கள் கிடக்கின்றன. புதிய பெயரை மட்டும் அறிந்து வருகின்ற ஆசிரியருக்கு இவையெல்லாம் எட்டுமா? பழைய கையேட்டை மட்டும் கையில் வைத்திருப்பவர் புதிய பதிப்பைக் கண்டுபிடிப்பாரா? பெரிய மென்பொருள்களில் இது எப்படி நடந்தது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முடிவு எடுக்கும் வரை இரண்டு பெயர்களையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.


நுவரெலியா வலையமைப்பாளர்

மாற்றுங்கள் சேர், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வலையமைப்பில் ஓடும் தரவைப் பிடித்துப் பார்க்க நான் தொழிலில் நாள்தோறும் பாவிக்கின்ற வயர்ஷார்க் 1998 இல் வெளிவந்தபோது அதன் பெயர் ஈதரியல். அதை உருவாக்கியவர் 2006 இல் வேலை மாறியபோது வணிகக் குறி அவர் கையில் இல்லாததால் புதிய பெயரில் தொடர வேண்டியதாயிற்று. ஆட்கள் புதிய பெயருடன் போய்விட்டார்கள். இன்று பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் ஈதரியல் என்று சொன்னால் விழிப்பார்கள்.

ஃபயர்பொக்ஸ் உலாவி இன்னும் நல்ல உதாரணம். 2002 இல் பீனிக்ஸ் என்று வெளியானது. அதே பெயரில் கணினி நிறுவனம் ஒன்று இருந்ததால் 2003 இல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரிலும் ஏற்கெனவே ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்ததால் 2004 பெப்ரவரியில் ஃபயர்பொக்ஸ் ஆனது. முதலாம் பதிப்பு அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். பொதுமக்கள் பெருமளவில் எழுதத் தொடங்குவதற்கு முன்னரே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே என் கருத்து: மாற்றுவதாயின் இப்போதே மாற்றுங்கள், குறிப்புகள் குவிந்த பிறகு மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்தப் பெயர் விளையாட்டு எனக்கு எரிச்சலூட்டியது. டெபியன் இயங்குதளத்தில் வணிகக் குறித் தகராறினால் 2006 முதல் 2016 வரை ஃபயர்பொக்ஸ் ஐஸ்வீசல் என்ற பெயரில் இருந்தது. பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகள் இன்று எவரும் தேடாத ஒரு பெயரின் கீழ் கிடக்கின்றன. அவற்றில் சில இன்றும் செல்லுபடியானவை.


பேராதனை நூலகர்

முந்தைய பதிவில் கடைசிப் பந்திதான் என் கண்ணில் பட்டது. ஆட்கள் புதிய பெயருக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மை. எழுதப்பட்டவை அவர்களுடன் போவதில்லை. மென்பொருள் துறையில் பெயர் மாற்றத்தை ஒரு நாளில் நடந்து முடியும் அறிவிப்பாகவே பார்க்கிறார்கள். தேடுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பல ஆண்டுகள் நீடிக்கும் நிலைமை. ஏனென்றால் பழைய பெயரைக் கொண்ட ஆவணங்கள் அழிவதில்லை, புதிதாகத் தேட வருபவர்களுக்கோ பழைய பெயர் இருந்ததே தெரியாது.

நூலகங்களுக்கு இது பழகிய தொல்லை. நான் பணி செய்யும் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 இல் நிறுவப்பட்டபோது அது இலங்கைப் பல்கலைக்கழகம். 1972 இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஒரே பல்கலைக்கழகமாக்கப்பட்டபோது பேராதனை அதன் வளாகங்களில் ஒன்றாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பெயர் வந்தது 1979 இல். எழுபதுகளின் நடுப்பகுதியில் சமர்ப்பித்த ஆய்வேடு ஒன்றின் முகப்பில் வளாகம் என்ற பெயர்தான் இருக்கும். அதை இன்றைய பெயருக்கு மாற்றி எழுதினால் அது பொய்யான பதிவாகும். மாற்றாமல் அப்படியே விட்டால் இன்றைய மாணவர் தேடும்போது அகப்படாது. நாங்கள் செய்வது மூன்றாவது ஒன்று. ஆவணத்தின் பெயரை அது வெளியான நாளில் இருந்தபடியே வைக்கிறோம். பெயர்ப் பதிவில் முந்தைய பெயருக்கும் பிந்தைய பெயருக்கும் இரு திசைகளிலும் தொடர்பு கொடுக்கிறோம்.

சஞ்சிகைகளுக்கு இது இன்னும் கறாரான விதி. ஒரு சஞ்சிகையின் தலைப்பு குறிப்பிடத்தக்க அளவு மாறினால் அதற்குப் புதிய ஐ.எஸ்.எஸ்.என். (சஞ்சிகைகளுக்கான சர்வதேச அடையாள) இலக்கம் வழங்கப்படும், நூற்பட்டியல் பதிவில் 780 என்ற புலத்தில் முந்தைய தலைப்பும் 785 என்ற புலத்தில் பிந்தைய தலைப்பும் எழுதப்படும். பழைய தலைப்பைப் பிடித்தவர் புதியதற்குப் போகலாம், புதியதைப் பிடித்தவர் பழையதற்கு வரலாம். மென்பொருள் திட்டங்கள் பெரும்பாலும் முதல் திசையை மட்டும் செய்கின்றன. பழைய முகவரிக்குப் போனால் புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். புதிய தளத்தில் நிற்பவருக்கோ, முன்பு இது வேறு பெயரில் இருந்தது, அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள் என்று சொல்வார் இல்லை. இந்த இரண்டாவது திசை இல்லாததால்தான் ஐஸ்வீசல் குறிப்புகள் அநாதையாகக் கிடக்கின்றன.

இன்னொன்று. பெயர் மாற்றியவுடன் பழைய ஆவணங்கள் அனைத்திலும் பழைய பெயரைத் தேடிப் புதியதை இட்டு நிரப்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பெயரால் தேடுபவருக்கு அந்த ஆவணம் மறைந்துவிடும். அதை மேற்கோள் காட்டியவர்களின் மேற்கோளும் பொருந்தாமல் போய்விடும்.


கண்டி நிரலாளர்

நூலகர் சொன்னது வெளியே தெரியும் பெயரைப் பற்றியது. மென்பொருளுக்கு உள்ளே இன்னொரு பெயர் இருக்கிறது. தேடலில் அதற்குத்தான் வேலை அதிகம். ஒரு சாதாரண பாவனையாளர் எப்போது தேடுகிறார்? வழுச்செய்தி ஒன்று திரையில் விழும்போது. அதை அப்படியே வெட்டித் தேடுபொறியில் ஒட்டுகிறார். அந்தச் செய்தியில் இருப்பது உள்ளே உள்ள பெயர்.

ஆவணங்கள், விரிதாள்கள் தயாரிக்கும் லிப்ரே ஒஃபிஸைப் பாருங்கள். ஸ்டார் ஒஃபிஸ் என்ற மென்பொருளை சன் நிறுவனம் 1999 இல் வாங்கியது. பிறகு அது ஓப்பின் ஒஃபிஸ் ஆனது. 2010 இல் அதிலிருந்து லிப்ரே ஒஃபிஸ் பிரிந்தது. சன் நிறுவனம் இன்று இல்லை, ஸ்டார் ஒஃபிஸும் இல்லை. ஆனால் இன்று நீங்கள் தரவிறக்கும் லிப்ரே ஒஃபிஸில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒன்று நின்றுபோனால் வருகின்ற வழுச்செய்தியில் ‘கொம்.சன்.ஸ்டார்’ என்று தொடங்கும் நீண்ட பெயர் ஒன்றைக் காண்பீர்கள். அதை இயக்கும் கட்டளையும் இன்றுவரை ‘எஸ் ஒஃபிஸ்’ தான். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இதனால் பெரும் நன்மை உண்டு: அந்த வழுச்செய்தியைத் தேடுபவருக்கு ஓப்பின் ஒஃபிஸ் காலத்து விடைகளும் லிப்ரே ஒஃபிஸ் காலத்து விடைகளும் ஒருசேர வந்து விழுகின்றன. நிரல்களைத் தானாகவே தொகுத்துச் சோதிக்கும் ஜென்கின்ஸும் அப்படியே. அது 2011 இல் ஹட்சன் என்ற பெயரை விட்டது. உள்ளே நிரல் பொதிகளின் பெயர் இன்றும் ஹட்சன் என்றுதான் தொடங்குகிறது. படமும் பாட்டும் ஓடவிடும் எக்ஸ்.பி.எம்.சி. 2014 இல் கோடி ஆனது. அதற்குத் துணைநிரல் எழுதுபவர்கள் பைதன் மொழியில் இன்றும் எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரையே அழைக்கிறார்கள்.

உள்ளே உள்ள பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா நிரல் மொழியில் ஒரு பாடம் இருக்கிறது. நிறுவனங்களுக்கான ஜாவாவை ஒராக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது 2018 இல் அதற்கு ஜகார்த்தா என்று பெயரிட்டார்கள். அதுவரை தீங்கில்லை. ஆனால் வணிகக் குறி உடன்பாடு கூடாததால் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய பொதிப் பெயர்களையும் 2020 இல் ‘ஜகார்த்தா’ என்று மாற்ற வேண்டி வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக எழுதப்பட்ட பாடநூல்கள், விரிவுரைக் குறிப்புகள், கேள்வி பதில்கள் அனைத்திலும் இருப்பது ஜாவாக்ஸ். ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் மென்பொருளான டொம்கற்றில் 9 ஆம் பதிப்பு வரை அவை ஓடும். டொம்கற் 10 இல் ஓடா.

இதற்குள் இன்னொரு கூத்து உண்டு. டொம்கற் தன் இளமையில் அப்பாச்சி அமைப்பின் ‘ஜகார்த்தா’ என்ற வேறொரு திட்டத்தின் கீழ்தான் இருந்தது. அந்தத் திட்டம் 1999 இல் தொடங்கி 2011 இல் மூடப்பட்டது. ஆகவே இன்று ஜகார்த்தா, டொம்கற் என்ற இரு சொற்களையும் சேர்த்துத் தேடினால் பழைய ஜகார்த்தாவைப் பற்றிய பக்கங்களும் வந்து நிற்கும். அவற்றில் உள்ள நிரலோ ஜாவாக்ஸ் காலத்தது. மூடிய திட்டத்தின் பெயரை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டுபவர்கள் தேடுபவரை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஓப்பின்சேர்ச் என்ற பெயருக்கும் இதே கதைதான்: 2005 இல் அமேசனின் துணை நிறுவனம் வெளியிட்ட தேடல் விவரிப்பு வடிவத்தின் பெயர் அது, 2021 இல் அதே அமேசன், எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்த மென்பொருளுக்கும் அதே பெயரை வைத்தது. ஒரே வீட்டுக்காரர் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்த மாதிரி.


பதுளை மாணவி

கண்டி அண்ணா எழுதியதை வாசித்தபோதுதான் எங்கள் பிரச்சினை விளங்கியது. இரண்டாம் ஆண்டில் எங்களுக்குத் தந்த குறிப்பைப் பார்த்து, தரவுத்தளத்துடன் பேசும் ஒரு சிறிய வலைச் செயலியை எழுதினோம். குறிப்பில் உள்ளபடி ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கணினியில் நிறுவியிருந்தது டொம்கற் 10. எச்டிடிபி சேர்வ்லெற் என்ற வகுப்பு இல்லை என்றது. வழுச்செய்தியை ஒட்டித் தேடினால், நூலகக் கோப்பைச் சேருங்கள் என்ற பழைய விடைகளே முதலில் வந்தன. சேர்த்தால் அந்த வழு போய், பக்கம் கிடைக்கவில்லை என்ற 404 வந்தது. கடைசியில் குறிப்பின் மேல் வரிகளில் ஜாவாக்ஸ் என்று இருந்த இடங்களில் ஜகார்த்தா என்று மாற்றிய பிறகு ஓடியது. அப்படியானால் எல்லா ஜாவாக்ஸையும் மாற்றிவிடலாமா?


கண்டி நிரலாளர்

கூடாது, தங்கச்சி. தரவுத்தள இணைப்புக்கான ‘ஜாவாக்ஸ்.எஸ்.கியூ.எல்.’, சாளரங்கள் வரையும் ‘ஜாவாக்ஸ்.ஸ்விங்’ போன்றவை அடிப்படை ஜாவாவுக்கு உரியவை. அவை பெயர் மாறவில்லை. சேர்வ்லெற் போல நிறுவன ஜாவாவுக்கு உரியவை மட்டுமே மாறின. உங்களுக்கு வந்த பழைய விடைகள் எழுதப்பட்ட காலத்தில் சரியானவைதாம். இப்போது பொருந்துமா என்று சொல்லும் அடையாளம் ஒன்றும் அவற்றில் இல்லை; தேடுபொறியோ நீண்ட காலம் அதிகம் பேர் இணைப்புக் கொடுத்த பக்கத்தையே மேலே கொண்டுவரும். இத்தகைய இடங்களில் வழுச்செய்தியுடன் பதிப்பிலக்கத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.


மஸ்கெலியா வாசகன்

எல்லோரும் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய தேடுபொறியை மனதில் வைத்துப் பேசுவதாகத் தெரிகிறது. இப்போது சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் காலம் போய்விட்டது. ஈதரியல் என்று தேடினாலும் வயர்ஷார்க்கைக் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டால் பழைய பெயர், புதிய பெயர், மாறிய ஆண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. இந்த நிலையில் 780, 785 என்று புலம் எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை இல்லையா?


பேராதனை நூலகர்

ஈதரியலும் வயர்ஷார்க்கும் ஒன்று என்று தேடுபொறிக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு பெயர்களையும் ஒரே வசனத்தில் வைத்து ஆயிரக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் பழைய பெயர் வழிமாற்றாக இருக்கிறது. விக்கித்தரவில் ‘வேறு பெயர்கள்’ என்ற பகுதியில் பதிவாகியிருக்கிறது. நாங்கள் புலம் நிரப்பியதைப் போன்ற வேலையைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். ஹட்டன் ஆசிரியரின் நேரசூசி மென்பொருளுக்கு அப்படி எழுதியவர் எவரும் இல்லை. அவர்கள் ஒரு வசனம் எழுதாவிட்டால் எந்தப் பொறியும் அதை ஊகித்துச் சொல்ல இயலாது. பெரிய திட்டங்கள் கவனக்குறைவாகப் பெயர் மாற்றினாலும் அதைச் சரிசெய்ய ஊர் இருக்கிறது. சிறிய திட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

மேலும், எல்லாத் தேடலும் கூகுளில் நடப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் தன் தொலைபேசியில் உள்ள வட்ஸ்அப் உரையாடல்களில் தேடுகிறார். மடிக்கணினியில் உள்ள கோவைகளில் தேடுகிறார். பிடிஎஃப் ஒன்றைத் திறந்து அதற்குள் தேடுகிறார். அங்கெல்லாம் இன்றும் எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம்தான்.


கண்டி நிரலாளர்

மஸ்கெலியா நண்பர் சொன்னதில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். ஒன்றுக்குப் பெயர் என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு உரையாடிகள் நன்றாகவே பதில் சொல்கின்றன. எந்தக் காலத்து விடையை எந்தப் பதிப்புக்குத் தருவது என்பதில்தான் தடுமாறுகின்றன. வலைச் செயலிகள் எழுத உதவும் ஆங்குலருக்கான நிரலைக் கேட்டுப் பாருங்கள். 2010 இல் வெளியான ஆங்குலர் ஜே.எஸ். வேறு; 2016 செப்டெம்பரில் முற்றாக மாற்றி எழுதப்பட்ட ஆங்குலர் வேறு. பெயர் ஏறக்குறைய ஒன்று என்பதால் பழையதன் தொடரியலையும் புதியதன் தொடரியலையும் கலந்து எழுதித் தரும் விடைகளை நான் கண்டிருக்கிறேன்.

இதிலிருந்து பெயர் மாற்றத்துக்குச் சாதகமான ஒரு நியாயமும் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் பொருள் முற்றாக மாறிய பிறகும் பழைய பெயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் தேடுபவரைக் கெடுக்கும். பேர்ள் 6 என்ற மொழி அப்படித்தான் பல ஆண்டுகள் தவித்தது. தேடினால் பேர்ள் 5 இற்கான விடைகளே வந்தன. 2019 இல் ராக்கு என்று பெயர் மாற்றிய பிறகுதான் அதற்கென ஒரு தேடல் முகவரி கிடைத்தது. ஆகவே சேரிடம் என் கேள்வி: உங்கள் மென்பொருள் மாறுகிறதா, பெயர் மட்டும் மாறுகிறதா?


ஹட்டன் ஆசிரியர்

பெயர் மட்டும்தான். நிரல் அப்படியே தொடர்கிறது. தரவுக் கோப்புகளும் அவையே.


பண்டாரவளை மொழிபெயர்ப்பாளர்

தமிழில் எழுதுபவர்கள் என்ற வகையில் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பெயர் ஒருமுறை மாறினால் தேடுபவருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். தமிழில் அப்படி முடிவதில்லை. நாங்கள் ஃபயர்பொக்ஸ் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ஃபயர்பாக்ஸ், பயர்பாக்ஸ் என்று எழுதுகிறார்கள். கிரந்தம் தவிர்ப்பவர்கள் இன்னொரு விதமாக எழுதுகிறார்கள். ஒஃபிஸ், ஆபீஸ், ஆஃபிஸ் என்பவற்றையும் அப்படியே பெருக்கிப் பாருங்கள். இதில் நீங்கள் பெயரையும் மாற்றினால் ஒரே மென்பொருளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகள் எட்டுப் பத்துச் சிறு குவியல்களாகச் சிதறிவிடும். போதாததற்கு வேற்றுமை உருபுகள் பெயருடன் ஒட்டிவிடுகின்றன. உருபைப் பிரித்தறியாத தேடற்பெட்டிக்கு ‘ஃபயர்பொக்ஸில்’ என்பதும் ‘ஃபயர்பொக்ஸ்’ என்பதும் இரண்டு வேறு சொற்கள்.

சேர் சொன்ன அச்சிட்ட கையேட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அதன் மூலக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டதா? அப்படியானால் பழைய பெயராலும் அது இதுவரை எவருக்கும் அகப்பட்டிருக்காது. பாமினிக் கோப்பில் கணினி வைத்திருப்பது ஆங்கில விசை எழுத்துகளை. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஒருங்குறியில் தட்டிய தேடற்சொல் அதனுடன் ஒருபோதும் பொருந்தாது. பெயர் மாற்றத்தைப் பற்றி யோசிக்கும் முன்னர் அதை ஒருங்குறிக்கு மாற்றுவதுதான் தேடலுக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி. மாற்றியின் வழியாகப் போட்டாலும் ஆங்கிலச் சொற்கள் கலந்த இடங்கள் சிதைந்து வரும். ஆள் இருந்து பார்க்க வேண்டும்.


ஹட்டன் ஆசிரியர்

பாமினிதான். முதல் இரண்டு பதிப்புகளும் அப்படியே. வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் கடிதங்களும் அண்மைக் காலம் வரை அதில்தானே போயின.

கண்டி நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். பொதுச் சொல்லைப் பெயராக வைத்த பெரிய திட்டங்கள் இதை எப்படிச் சமாளித்தன?


கண்டி நிரலாளர்

கோ என்ற நிரல் மொழியைப் பாருங்கள். 2009 இல் கூகுள் அறிவித்தபோது, ஆங்கிலத்தில் அதைவிடப் பொதுவான சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தார்களோ என்று தோன்றியது. போதாததற்கு அதே ஒலியில் முன்பே ஒரு மொழி இருந்தது. ஆனாலும் அவர்கள் பெயரை மாற்றவில்லை. முதல் தள முகவரி கோலாங் என்று இருந்ததால், பாவனையாளர்கள் தேடும்போதும் குறிச்சொல் இடும்போதும் கோலாங் என்றே எழுதப் பழகிக்கொண்டார்கள். பின்னர் தளம் புதிய முகவரிக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மொழியின் பெயர் கோ, தேடும்போது கோலாங். இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன.

ஆகவே உங்கள் தேயிலைச் சொல்லைக் கைவிட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அதனுடன் நேரசூசி என்பதை இடைவெளி விடாமல் ஒட்டி ஒரு சொல்லாக்குங்கள். பழைய பெயர் புதிய பெயருக்குள்ளேயே இருப்பதால் பிடிஎஃப் கோப்பிலோ வட்ஸ்அப்பிலோ பழைய சொல்லால் தேடுபவருக்கும் புதிய குறிப்பு அகப்படும். கூகுளில் அந்த ஒட்டுச் சொல்லுக்குப் போட்டி இராது. எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினால் போதும்.

உள்ளே எதையும் தொடாதீர்கள். தரவுக் கோப்பின் பின்னொட்டு, அடைவுகளின் பெயர், வழுச்செய்திகள் எல்லாம் பழையபடியே இருக்கட்டும். இயலுமானால் ஒவ்வொரு வழுச்செய்திக்கும் மாறாத இலக்கம் ஒன்று கொடுங்கள். ஒராக்கிள் தரவுத்தளத்தில் அட்டவணை இல்லை என்ற வழுவுக்கு 00942 என்ற இலக்கம் பதிப்பு பதிப்பாக மாறாமல் வருகிறது. எந்த மொழியில் செய்தி வந்தாலும் அந்த இலக்கத்தைத் தேடினால் விடை கிடைக்கும். தமிழில் செய்தி காட்டும் மென்பொருளுக்கு இது இரட்டிப்பாகப் பயன்படும், ஏனென்றால் பண்டாரவளை நண்பர் சொன்ன எழுத்துக்கூட்டல் தொல்லை இலக்கத்துக்கு இல்லை.

நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் களஞ்சியத்தின் பெயரை மாற்றினால் பழைய முகவரி தானாகவே புதியதற்கு வழிமாற்றப்படும். ஆனால் உங்கள் கணக்கில் பழைய பெயரில் வேறொரு களஞ்சியத்தைத் திறந்தால் அந்த வழிமாற்று அறுந்துவிடும். குழுவில் யாரும் தெரியாமல் அதைச் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கின் பெயரை மாற்றுவது இன்னும் ஆபத்து, விட்ட பெயரை வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். சொந்தத் தளம் இருந்தால் 301 வழிமாற்று (பக்கம் நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்வது) இடுங்கள். குறைந்தது ஓர் ஆண்டுக்காவது அதை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. அது தேடுபொறிக்குப் போதுமான காலம். அச்சிட்ட கையேட்டில் உள்ள முகவரியைத் தட்டுபவருக்கு ஓர் ஆண்டு எம்மாத்திரம்? பழைய முகவரிக்கான கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருங்கள்.


மஸ்கெலியா வாசகன்

ஒட்டுச் சொல் யோசனை நல்லது. ஆனால் அப்படிச் செய்தால் அது பெயர் மாற்றமா, மாற்றமில்லையா? நூலகர் சொன்ன விதிப்படி புதிய பதிவு தேவையா?


பேராதனை நூலகர்

கையேட்டைப் பொறுத்தவரை முகப்புத் தலைப்பு மாறுகிறது, ஆகவே தேவை. அடுத்த பதிப்பின் உட்பக்கத்தில் முன்னைய பதிப்புகளின் தலைப்பையும் ஆண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் பட்டியலிடுபவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். அதே வரியைக் களஞ்சியத்தின் முதற்பக்கத்திலும் இடுங்கள்: எந்தப் பதிப்பு வரை எந்தப் பெயர், எந்த ஆண்டு மாறியது என்பது இருக்க வேண்டும். படமாக இடாமல் எழுத்தாக இடுங்கள், படத்துக்குள் இருப்பதை எல்லாத் தேடலும் வாசிக்காது. ஆண்டைக் கட்டாயம் எழுதுங்கள். ‘அண்மையில் பெயர் மாற்றப்பட்டது’ என்று எழுதிய பக்கங்களை நான் பத்து ஆண்டு கழித்தும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இங்கே பெயரை மறைத்ததைப் பற்றியும் ஒரு சொல். முடிவானதும் இரண்டு பெயர்களையும் இந்த இழையிலேயே ஒரே வசனத்தில் எழுதுங்கள். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் உறவு சொல்லும் பக்கங்கள் உங்கள் தளத்துக்கு வெளியேயும் சில இருக்க வேண்டும். உங்கள் தளம் நின்றுபோனாலும் அவை பேசும். திறந்த மூல நிரல்களை வைத்திருந்த கூகுள் கோட் சேவை 2016 ஜனவரியில் மூடப்பட்டபோது, தம் வரலாற்றை வேறெங்கும் எழுதி வைக்காத சிறு திட்டங்களுக்குத்தான் இடர் அதிகம்.


ஹட்டன் ஆசிரியர்

குழுவில் பேசினேன். பழைய சொல்லுடன் நேரசூசியை ஒட்டி எழுதுவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பெயர் நீளமாகிவிட்டது என்று முணுமுணுக்கிறார். உள்ளே எதையும் மாற்றுவதில்லை, வழுச்செய்திகளுக்கு இலக்கம் கொடுப்பது என்பதும் முடிவாயிற்று. முதற்பக்கத்து வரியை நூலகர் சொன்ன வடிவில் எழுதிவிட்டு இரண்டு பெயர்களையும் இங்கே இடுகிறேன்.

யூடியூப் காணொளிகளை என்ன செய்வது? தலைப்பை மாற்றலாமா?


பண்டாரவளை மொழிபெயர்ப்பாளர்

தலைப்பை அப்படியே விடுங்கள். அந்தத் தலைப்பில்தான் ஆசிரியர்கள் அதைத் தேடிப் பழகியிருக்கிறார்கள், காணொளிக்குள் நீங்கள் பேசுவதும் பழைய பெயரைத்தான். கீழே உள்ள விளக்கக் குறிப்பின் முதல் வரியில் புதிய பெயரையும் மாறிய ஆண்டையும் எழுதுங்கள். கையேட்டின் பாமினிக் கோப்புகளை எனக்கு அனுப்புங்கள் சேர். இரண்டாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் லீவு ஆசிரியருக்கு ஆள் போடும் பகுதி முழுமையாக இருக்கிறது.